பழைய கணினியை எடைக்குப் போடுமுன்
(பெற்றோர், மாணவர்களுக்கான கணினிப் பராமரிப்பு முகாமில் ஆற்றிய உரை)



நம் வீடுகள் பலவற்றில் ஒரு பழைய மேசைக் கணினி இருக்கிறது. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டதை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருப்போம். பிள்ளைகள் பாடம் படிப்பதும், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடுவதும் அதில்தான். ஒரு நாள் அது தூங்கினால் எழுவதில்லை, அல்லது நடுராத்திரியில் தானே எழுந்து ஓடுகிறது. "போர்டு போய்விட்டது" என்று யாராவது சொல்ல, எடைக்குப் போட்டுவிடுகிறோம். ஆனால் நம்மிடம் வரும் இப்படிப்பட்ட கணினிகள் பலவற்றில் போர்டு நன்றாகவே இருக்கிறது. மின்சாரத்தைக் கையாளும் அமைப்பில்தான் சிறு கோளாறு. அதைக் கண்டுபிடிக்கும் வரிசையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம். செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும். செலவு வைப்பதைக் கடைசியில் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். ஸ்லீப் என்றால் கணினி அணைந்துவிட்டது என்று பொருளல்ல. மற்ற பாகங்கள் நின்றாலும், திறந்திருந்த வேலையை நினைவில் வைத்திருக்கும் ரேமுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் சேமிக்காத வேலையும் போய்விடும். ஹைபர்னேட் அப்படியல்ல. அது எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் எழுதிவிட்டு முழுதாக அணையும். கரண்ட் அடிக்கடி போகும் தெருவில் இருப்பவர்கள் ஹைபர்னேட்டையே பழகிக்கொள்ளுங்கள். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் ஹைப்ரிட் ஸ்லீப் என்ற வசதி இருந்தால் அதை ஆன் செய்யலாம். அது ரேமிலும் வைக்கும், டிஸ்கிலும் எழுதும்.

இனி அறிகுறிகளைப் பார்ப்போம்.

கணினியைப் போடும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறதா? போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். பெரும்பாலான கணினிகளில் அது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. வாட்ச் கடையிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்து வைக்கும் வீடுகளில்தான் இந்தக் கோளாறு முதலில் வெளிப்படும். தேதி தவறினால் கடிகாரம் மட்டுமா கெடும்? பாதுகாப்பான இணையதளங்கள், தேதி பொருந்தவில்லை என்று திறக்க மறுக்கும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் பிள்ளை திண்டாடும்போது, நாம் இணைய இணைப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். பேட்டரி தீர்ந்தால் பயாஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குப் போய்விடலாம். அதனால் மாற்றுவதற்கு முன்பே பயாஸ் திரைகளை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். குறிப்பாக ஹார்ட் டிஸ்க் எந்த முறையில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். அது மாறினால் விண்டோஸ் ஏறாமலே போகலாம்.

தூங்கிய கணினி எழவில்லையா? கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கணினி விழித்துவிட்டது, திரைதான் விழிக்கவில்லை. மானிட்டர் ஒயரையும் டிஸ்ப்ளே டிரைவரையும் கவனியுங்கள். டிரைவரை அந்தக் கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். விளக்கு அசையவில்லை என்றால் பவர் பட்டனை ஒரு முறை லேசாகத் தட்டுங்கள். நீண்ட நேரம் அழுத்தினால் கணினி அணைந்துவிடும். அணைத்துப் போடும்போதும் தகராறு செய்தால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்திச் சில நாள் பாருங்கள்.

தூங்க வைத்த பிறகும் ஃபேன் சுற்றுகிறதா? பழைய போர்டுகளின் பயாஸில் எஸ்1, எஸ்3 என்று இரண்டு வகைத் தூக்கம் இருக்கும். எஸ்1 அரைத் தூக்கம். எஸ்3 என்று மாற்றினால் ஃபேன் நிற்கும்.

தானே விழிக்கிறதா? மேசை அசைந்து மவுஸ் நகர்ந்தாலே விழிக்கும் கணினிகள் உண்டு. டிவைஸ் மேனேஜரில் மவுஸுக்கும் நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்து, கணினியை எழுப்பும் அனுமதியை எடுத்துவிடுங்கள். கீபோர்டுக்கு மட்டும் விட்டுவையுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் வேக் டைமர்களையும் நிறுத்துங்கள். கரண்ட் வந்ததும் தானே ஓடத் தொடங்கினால் அது பயாஸில் உள்ள ஓர் அமைப்பு. மின்சாரம் திரும்பும்போது அணைந்தே இருக்கட்டும் என்று அங்கே மாற்றலாம்.

இவற்றில் எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு தாளில் குறித்து, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். நாலைந்தைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

எல்லாம் பார்த்தும் தீரவில்லை, ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் மீது சந்தேகப்படலாம். நல்ல நிலையில் உள்ள வேறொன்றை மாட்டிப் பார்ப்பதுதான் சோதனை. அதைத் தெரிந்தவர் கையால் செய்யுங்கள். தாய்மார்களே, பிள்ளைகள் அந்தப் பெட்டியை மட்டும் திறக்க விடாதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்காது. பேட்டரி மாற்றக் கணினியைத் திறப்பதானாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திய பிறகே கை வையுங்கள்.

எதுவுமே பலிக்கவில்லை என்றாலும் கணினி வீணல்ல. ஸ்லீப்பை 'ஒருபோதும் வேண்டாம்' என்று வைத்து, திரை மட்டும் பத்து நிமிடத்தில் அணையச் செய்யுங்கள். வேலை முடிந்ததும் முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். அணைக்க மறந்தால் கரண்ட் பில் ஏறும். அது ஒன்றுதான் நஷ்டம்.

இன்னும் இரண்டு விஷயங்கள். எதைத் தொடுவதற்கு முன்பும் சான்றிதழ்கள், படங்கள், பாடங்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஒரு நகல் எடுங்கள். கணினி போனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம், அதிலிருந்தவை திரும்பக் கிடைக்காது. அடுத்தது, விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத கணினியில் லினக்ஸ் போட்டுப் படிப்புக்குப் பயன்படுத்தலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு புதியது வாங்குவது என்று முடிவெடுத்தால் அது நியாயமான முடிவு. பார்க்காமலே வாங்கினால், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒதுக்கிய பணம் ஒரு சிறு பேட்டரிக்காகக் கரைந்துபோகும். உங்கள் கணினி என்னென்ன செய்கிறது என்று குறித்த தாளோடு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.