கிளவுட் பில்லுக்கும் ஒரு காஸ்டிங் ஷீட்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

நான் பேசுறது வீரபாண்டியில இருந்து. தேனி வீரபாண்டி இல்லீங்க, திருப்பூர்ல பல்லடம் ரோட்டுப் பக்கம் இருக்கிற வீரபாண்டி. இந்தப் பக்கம் இருக்கிற சின்ன, நடுத்தர பனியன் கம்பெனிகளுக்கு சர்வர், ஈஆர்பி, டேலி எல்லாம் பாத்துக் கொடுக்கிறதுதான் என் வேலை. இன்னைக்கு பேசப்போறது கிளவுட் பில் பத்தி. அதுலயும் முக்கியமா, அந்தப் பில்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற சாஃப்ட்வேர் லைசென்ஸ் பத்தி.

ஒரு டி-சர்ட்டுக்கு பையர் விலை கேட்டா எங்க ஊர்ல என்ன பண்ணுவாங்க? காஸ்டிங் ஷீட் போடுவாங்க. நூல், நிட்டிங் கூலி, டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பாலிபேக் வரைக்கும் வரி வரியா இருக்கும். பீஸுக்கு 50 பைசா கூடினாக்கூட மெர்ச்சண்டைசர் போனை எடுத்து சண்டை போடுவார். அதே கம்பெனியில மாசா மாசம் வர்ற கிளவுட் பில், கணக்குல "கம்ப்யூட்டர் செலவு"ன்னு ஒரே வரியா போயிரும். யாரும் திறந்துகூட பாக்கிறதில்ல. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமா ஏத்தினப்ப, இங்க ஒவ்வொரு பைசாவையும் தேடினாங்க. அப்பவும் இந்த ஒரு வரியை நிறைய பேர் தொடல. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: கிளவுட் பில்லுக்கும் ஒரு காஸ்டிங் ஷீட் போடுங்க. அதுல லைசென்ஸுக்கு தனி வரி இருக்கணும்.

மெஷின் வாடகை எவ்வளவு, லைசென்ஸ் எவ்வளவு?

கிளவுட்னா மெஷினை வாடகைக்கு எடுக்கிறோம்னு நாம நினைக்கிறோம். பில்லைப் பிரிச்சுப் பாத்தா கதை வேற. அமேசானோட ஏடபிள்யூஎஸ்ல எம்5.எக்ஸ்லார்ஜ்னு ஒரு சைஸ் இருக்கு. 4 விசிபியு, 16 ஜிபி மெமரி. நடுத்தர கம்பெனியோட ஈஆர்பி சர்வருக்கு சாதாரணமா இந்த மாதிரி ஒரு சைஸைத்தான் போடுவாங்க. நார்த் வர்ஜீனியா ரீஜனோட விலைப் பட்டியல்ல, லினக்ஸ் போட்டா மணிக்கு 0.192 டாலர். அதே மெஷின்ல விண்டோஸ் சர்வர் போட்டா 0.376. அதுக்கு மேல எஸ்க்யூஎல் சர்வர் ஸ்டாண்டர்டும் சேர்த்தா 0.856.

மெஷின் மாறல. அதே இரும்பு, அதே கரண்ட். 19 சென்ட் 86 சென்ட் ஆயிருச்சு. மாசத்துக்கு 730 மணி நேரம்னு வச்சு பெருக்கிப் பாருங்க. மெஷினுக்கு 140 டாலர், விண்டோஸுக்கு 134, எஸ்க்யூஎல் சர்வருக்கு 350. மொத்தம் கிட்டத்தட்ட 625 டாலர். நாலுல மூணு பங்குக்கு மேல லைசென்ஸ்! மும்பை ரீஜன்ல மெஷின் வாடகை கொஞ்சம் மாறும், ஆனா கணக்கோட அமைப்பு இதேதான்.

இதுல கவனிக்க வேண்டியது, லைசென்ஸை எதை வச்சு எண்ணுறாங்க அப்படிங்கிறது. விண்டோஸுக்கு விசிபியு எண்ணிக்கையும் ஓடுற நேரமும்தான் கணக்கு. மெமரி இல்ல. ஆனா டேலி ஓட்டுற சர்வர்ல முதல்ல பத்தாம போறது பெரும்பாலும் மெமரிதான். "ஸ்லோவா இருக்கு"ன்னு சொன்ன உடனே வெண்டர் அடுத்த பெரிய சைஸுக்கு மாத்திருவார். மெமரி இரண்டு மடங்கு ஆகும், கூடவே விசிபியும் இரண்டு மடங்கு ஆகும், லைசென்ஸும் இரண்டு மடங்கு ஆகும். ஆர்5.லார்ஜ்னு இன்னொரு வகை இருக்கு. அதே 16 ஜிபி மெமரி, ஆனா 2 விசிபியுதான். விண்டோஸோட அது மணிக்கு 0.218 டாலர். எம்5.எக்ஸ்லார்ஜ் 0.376. கேள்வியைச் சரியா கேட்டாலே 40 சதவீதம் மிச்சம்.

ஒன்றரை ஷிப்ட் கணக்கு

ஆள் இல்லாத நேரத்துல பவர் டேபிளை ஓட விடுவோமா? மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். ஆனா கிளவுட் சர்வர் ஞாயித்துக்கிழமையும் ஓடும், தீபாவளிக்கு ஊரே காலியா இருக்கிற வாரமும் ஓடும். ஒன்றரை ஷிப்ட், அதாவது ஒரு நாளைக்கு 12 மணி நேரம், மாசம் 26 நாள். 312 மணி நேரம்தான் வருது. மேல சொன்ன 625 டாலர் 267 ஆயிரும். சர்வரை நிறுத்தினா மெஷின் வாடகையும் நிக்கும், மணிக்கணக்குல வாங்கின லைசென்ஸும் நிக்கும். டிஸ்க் வாடகை மட்டும் தொடரும். நேரம் குறிச்சு தானா நிறுத்தி, தானா கிளப்பற வசதி இருக்கு. ஒரு தடவை செட் பண்ணினா போதும். நைட் பேக்கப் ஓடுற நேரத்தை மட்டும் கணக்குல சேர்த்துக்கணும்.

120 நாள் கழிச்சு வர்ற சனிக்கிழமை

அடுத்தது, எண்ணிக்கை தெரியாம மாட்டிக்கிற இடம். விண்டோஸ் சர்வர்ல ஒரே நேரத்துல இரண்டு பேர் ரிமோட்டா உள்ள வரலாம். அதுவும் சர்வரைப் பராமரிக்கிறதுக்கு மட்டும். மத்தபடி ஆபீஸ் ஆளுங்க உள்ள வந்து வேலை பாக்கணும்னா ஆளுக்கு ஒரு ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ் வேணும். ஆர்டிஎஸ் சிஏஎல்னு சொல்வாங்க. அந்த வசதியைப் போட்ட நாள்ல இருந்து 120 நாளுக்கு லைசென்ஸ் இல்லாமயே ஓடும். அந்தச் சலுகையில ஓட்டிக் காட்டிட்டு, "கிளவுட் ரெடி"ன்னு காசு வாங்கிட்டுப் போறவங்க இருக்காங்க.

இங்க ஒரு கம்பெனியில அப்படித்தான் நடந்துச்சு. நாலு மாசம் அருமையா ஓடுச்சு. ஒரு சனிக்கிழமை காலையில அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தராலயும் லாகின் பண்ண முடியல. சனிக்கிழமைன்னா திருப்பூர்ல சம்பள நாள். பீஸ் ரேட் கணக்கெல்லாம் சர்வருக்குள்ள மாட்டிக்கிச்சு. டெய்லர்கள் சாயங்காலம் வரைக்கும் வாசல்ல நின்னாங்க. அவங்க மளிகைக்கடை பாக்கி, வீட்டு வாடகை எல்லாம் அந்தக் கவர்லதான் இருக்கு. லைசென்ஸ்ங்கிறது ஐடி ஆளுங்க விஷயம்னு நினைக்கிறவங்களுக்காக இதைச் சொல்றேன்.

டேலிக்கும் இதே மாதிரிதான். சில்வர்னா ஒரு ஆளுக்கு, கோல்ட்னா பல பேருக்கு. ஒரு சில்வரை சர்வர்ல போட்டு எட்டு பேர் பயன்படுத்தலாம்னு யாராவது சொன்னா, எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க.

பழைய லைசென்ஸை எடுத்துட்டுப் போகலாமா?

"ஏற்கனவே வாங்கின விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் இருக்கே, அதையே கிளவுட்ல போடலாமே?" எல்லா முதலாளிகளும் கேக்கிற கேள்வி. பதில், பெரும்பாலும் முடியாது. பெட்டியோட சேர்ந்து வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்தப் பெட்டிக்குத்தான் சொந்தம். தனியா வாங்கினதா இருந்தாலும், 2019 அக்டோபர் 1க்கு அப்புறம் வாங்கின விண்டோஸ் சர்வர் லைசென்ஸை ஏடபிள்யூஎஸ்ஸுக்கோ கூகுள் கிளவுடுக்கோ கொண்டுபோக மைக்ரோசாஃப்ட் விதி இடம் தராது. எஸ்க்யூஎல் சர்வருக்கு வழி இருக்கு, ஆனா சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ்ங்கிற ஆண்டுச் சந்தா நடப்புல இருக்கணும். அதே சந்தா இருந்தா மைக்ரோசாஃப்டோட அஸூர்ல சலுகையும் உண்டு. அதனால கிளவுட் கம்பெனியை முடிவு பண்றதுக்கு முன்னாடி, பீரோவைத் திறந்து பழைய லைசென்ஸ் பேப்பரை எடுங்க.

கிராக் போட்டா என்ன ஆகும்?

இந்த இடத்துல ஒருத்தர் மெதுவா சொல்வார்: "கிராக் போட்டுரலாம் தம்பி." இந்திய பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவு என்ன சொல்லுதுன்னா, திருட்டு மென்பொருள்னு தெரிஞ்சே பயன்படுத்தினா குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருஷம் சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஏற்றுமதி பண்றவங்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கு. 2013 ஜனவரியில கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரலா இருந்த கமலா ஹாரிஸ், இந்தியாவுல ஒண்ணு, சீனாவுல ஒண்ணுன்னு ஆடை, ஜவுளி நிறுவனங்கள் மேல வழக்கு போட்டாங்க. குற்றச்சாட்டு துணியோட தரம் பத்தி இல்ல. லைசென்ஸ் இல்லாத சாஃப்ட்வேரை வச்சு செலவைக் குறைச்சு, நியாயமா காசு கொடுக்கிறவங்களோட போட்டி போடுறாங்க அப்படிங்கிறதுதான். பையர் இருக்கிற நாட்டுல, நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டருக்காக வழக்கு.

வீரபாண்டிக்காரங்களுக்கு இது புரியாத விஷயம் இல்ல. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப இந்த ஊர் எப்படி இருந்துச்சுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். கழிவுநீர்ச் செலவை காஸ்டிங்ல சேர்க்காம விட்ட வருஷங்களுக்கு எல்லாம் ஒரே நாள்ல பில் வந்த மாதிரி. இன்னைக்கு சுத்திகரிப்புச் செலவு இல்லாம எந்த டையிங்காரரும் ரேட் சொல்றதில்ல.

ஷீட்ல என்னென்ன இருக்கணும்?

ஒரு எக்செல் போதும். ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் ஒரு வரி. எதை வச்சு எண்ணுறாங்க, விசிபியுவா, ஆளா, மணி நேரமா? நாம எத்தனைக்கு காசு கட்டுறோம்? உண்மையில எத்தனை பேர் பயன்படுத்துறாங்க? புதுப்பிக்கிற தேதி என்ன? அக்கவுண்ட் யார் மெயில் ஐடியில இருக்கு? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். வெண்டரோட மெயில்ல இருந்தா, அது உங்க சர்வர் இல்ல.

ஆள் கணக்குல வாங்குற சாஃப்ட்வேருக்கு தேதிதான் உயிர். மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போயிருப்பார், அவர் மைக்ரோசாஃப்ட் 365 சீட்டுக்கு நாம கட்டிட்டே இருப்போம். வருஷச் சந்தா புதுப்பிச்ச பிறகு 7 நாளுக்குள்ளதான் சீட்டைக் குறைக்க முடியும். அது தாண்டினா அடுத்த வருஷம்தான்.

புது ஈஆர்பி வாங்கப் போறீங்களா? டெமோ பாக்கிறப்பவே "எந்த டேட்டாபேஸ்ல ஓடுது?"ன்னு கேளுங்க. போஸ்ட்கிரஸ்ல ஓடும்னா அந்த 350 டாலர் வரியே இல்ல. எஸ்க்யூஎல் சர்வர்தான்னா, இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு போதுமான்னு கேளுங்க. 2022 பதிப்பு வரைக்கும் அதுல ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான் வரம்பு. சின்ன கம்பெனிக்கு அதுவே சில வருஷம் தாங்கும்.

கேட்டுட்டு இருக்கிற நிறைய பேர் இந்த மாதிரி கம்பெனிகள்ல அக்கவுண்ட்ஸ்லயோ, மெர்ச்சண்டைசிங்லயோ, ஐடியிலயோ புதுசா சேர்ந்திருப்பீங்க. இந்த மாசப் பில்லை கேட்டு வாங்குங்க. மெஷின், லைசென்ஸ், டிஸ்க்னு மூணா பிரிங்க. பிரிச்சுப் பாத்ததும் என்ன வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பேக்கப் பத்தி பேசலாம்.