தீவுகளிற் பிறந்த குளவிகள்

எங்கள் பாடசாலையின் வகுப்பறைச் சுவரிலே குளவியொன்று மண்கூடு கட்டியிருந்தது. அதனைக் கண்ட மாணவன் ஒருவன், குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று தன் பாட்டியார் கூறுவதாகவும், அஃது உண்மைதானா என்றும் என்னிடம் வினவினான். நம் முன்னோர் இதனை ஞானநெறிக்கு உவமையாகக் கொண்டனர். வடமொழியாளர் பிரமரகீட நியாயம் என்பர். நான் கலைப் பட்டதாரி. ஆகவே நியாயத்தை விளக்குவது எனக்கு எளிதாயிருந்தது. கூட்டை விளக்குவதுதான் அரிதாயிற்று. கூட்டை மெல்ல உடைத்துப் பார்த்தோம். உள்ளே அசைவற்ற பச்சைப் புழுக்கள் சில கிடந்தன. அவற்றின் நடுவே வெண்ணிறமான குடம்பியொன்று அவற்றை உண்டுகொண்டிருந்தது.

புழு குளவியாவதில்லை, குளவியின் குஞ்சு புழுவை உண்டு குளவியாகிறது. புழுவோடு மூடிய கூட்டிலிருந்து குளவி வெளிவரக் கண்ட முன்னோரின் கண் பிழை செய்யவில்லை. கண்டதிலிருந்து கொண்ட முடிவே பிழையாயிற்று. இதனால் உவமைக்கு ஊறு நேருமோ என்பதைச் சமயவறிஞர் ஆராய்வார்களாக.

நான் இன்று பேச எடுத்துக்கொண்டவை கூடு கட்டும் அத்தொழிலை அறியாத குளவிகள். ஒட்டுண்ணிக் குளவிகள் என அவற்றைச் சொல்லலாம். அவற்றுட் பல புழுவின் உடலினுள்ளேயோ மேலேயோ முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். வெளிவரும் குடம்பி அப்புழுவைச் சிறிது சிறிதாக உண்டு, ஈற்றிற் கொன்றே வெளியேறும். உண்ணப்படும் உயிருக்கு நமது விஞ்ஞானநூலார் விருந்துவழங்கி என்று பெயரிட்டிருக்கின்றனர். விரும்பி வழங்காத விருந்துக்கு இப்பெயர் சற்றுக் கொடிதே. சாள்ஸ் டார்வின் 1860ஆம் ஆண்டில் அமெரிக்கத் தாவரவியலறிஞர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதமொன்றில், அருளுடைய இறைவன் இத்தகைய குளவிகளை வேண்டுமென்றே படைத்திருப்பான் எனத் தம்மால் நம்பவியலவில்லை என்ற கருத்தை வெளியிட்டார்.

இக்குளவிகள் நடுக்கடற் றீவுகளிற் பல்கிப் புதிய இனங்களாகப் பிரிந்த வரலாறு வியப்புக்குரியது. நடுக்கடற் றீவு என்னும்போது நமது இலங்கையை எண்ணுதல் கூடாது. இலங்கை கண்டத்தைச் சார்ந்த தீவு. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியூழிக் காலங்களிற் பாரதநாட்டிலிருந்து விலங்குகள் நடந்தே இங்கு வந்தன. ஹவாய்த் தீவுகளோ பசிபிக் சமுத்திரத்தின் நடுவே எரிமலைகளாக எழுந்தவை. ஹொனலூலு நகரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ ஏறத்தாழ 2,400 மைல். எந்தக் கண்டத்தோடும் அத்தீவுகள் என்றும் இணைந்திருந்ததில்லை. அங்கே தொன்றுதொட்டு வாழும் எறும்பினம் ஒன்றேனும் இல்லை என்றால் அத்தனிமையின் ஆழம் புலப்படும். எறும்பு சென்றடையாத இடத்தைக் குளவி சென்றடைந்தது.

எவ்வாறு? இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளமே உள்ள உயிரைக் காற்றுத் தூக்கிச் செல்லும் என்பது விளங்கும். ஆனால் சென்றடைதல் மட்டும் போதாது. விதையொன்று கரையொதுங்கினால் மண்ணும் மழையும் போதும். ஒட்டுண்ணிக் குளவிக்கோ தனக்கேற்ற புழு அங்கே முன்னரே குடியேறியிருத்தல் வேண்டும். ஒரே வகைப் புழுவை மட்டும் நாடும் குளவி வந்து மாண்டுபோயிருக்கும். பலவகைப் புழுக்களையும் ஏற்கும் குளவியே பிழைத்திருக்கும் என ஊகிப்பதில் தவறில்லை.

இன்னொரு வாய்ப்பையும் இயற்கை குளவிக்கு அளித்திருக்கிறது. குளவிக் குலத்திற் கருக்கட்டிய முட்டை பெண்ணாகும். கருக்கட்டாத முட்டை ஆணாகும். ஆகவே ஆணைக் கூடாத பெண் தனித்து வந்து சேரினும் ஆண்மக்களை ஈன்று, அவற்றுள் ஒன்றோடு கூடி வமிசத்தைத் தொடக்குதல் இயலும். மனிதரின் நீதியை இங்கே புகுத்துதல் வேண்டா.

இவ்வாறு வந்த ஒரு சில மூதாதையரின் வழித்தோன்றல்களாகச் சியரோலா என்னும் சாதியில் மாத்திரம் ஏறத்தாழ 180 இனங்கள் ஹவாயில் உள்ளன. சிற்றந்துகளின் புழுக்களே இவற்றின் இரை. பெண்குளவி புழுவைக் கொட்டி அசைவொழித்து, அதன் தோலின்மேல் முட்டையிடும். எனிகோஸ்பைலசு என்னும் மற்றொரு சாதியின் கதையும் சுவையானது. நீண்ட உடலுடைய இக்குளவிகள் இரவிற் பறந்து அந்துப் புழுக்களைத் தேடுவன. ஹவாயில் இவற்றின் வடிவம் மிக வேறுபட்டுப்போகவே, முன்னை ஆய்வாளர் அவற்றைப் பல தனிச் சாதிகளாக வகுத்தனர். அவையாவும் ஒரே சாதியின் கிளைகளே எனப் பின்வந்தோர் முடிவு செய்தனர்.

ஓரினம் பலவாவது எவ்வாறு? முதற் காரணம் கடல். புவியின் ஓடு வடமேற்குத் திசையாக மெல்ல நகர, அடியிலுள்ள வெப்பமையம் புதிய தீவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பியது. காவாய்த் தீவின் வயது ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகள். தென்கிழக்கிலுள்ள ஹவாய்ப் பெருந்தீவோ 10 இலட்சம் ஆண்டுகளையும் எட்டாதது. பழைய தீவிலிருந்து புதிய தீவுக்குத் தாவிய சிலவற்றின் வமிசம், தாயினத்தோடு கலவாமையால் நாளடைவில் வேறினமாகிறது. ஒரே தீவினுள்ளும் எரிமலைக் குழம்பு பாய்ந்து காட்டைத் துண்டாடுவதுண்டு. குழம்பு சூழ எஞ்சிய காட்டுத் துண்டினைக் கீப்புக்கா என்பது அந்நாட்டு வழக்கு. அதுவும் ஒரு தீவே.

மற்றைய காரணமே ஒட்டுண்ணிக்குச் சிறப்பாக உரியது. அதற்குப் புழுவே நிலம், புழுவே வீடு. ஹவாயில் ஹைப்போஸ்மக்கோமா என்னும் சிற்றந்துச் சாதியொன்றில் மாத்திரம் 350க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. சிற்றந்துகளுள் ஒன்று மரப்பட்டையிலும், ஒன்று பாசியிலும், ஒன்று உதிர்ந்த இலையிலும் வாழும். குளவி தன் புழுவைத் தேடுமுன் அப்புழு வாழும் இடத்தைத் தேடுகிறது. செடியின் மணம் அதற்கு வழிகாட்டுகிறது. ஒட்டுண்ணிக் குளவிகள் பல பிறந்த இடத்தருகிலேயே துணையையும் கூடுகின்றன. ஆகவே பட்டையிற் பழகிய குளவியும் இலையிற் பழகிய குளவியும் ஒரே மரத்தில் இருந்தும் சந்தியாமற்போதல் கூடும். புழு பிரியுந்தோறும் குளவியும் உடன் பிரிந்தது என்று சொல்வது அழகாயிருக்கும். ஆனால் குளவி ஒரு புழுவை விட்டு அயலிலுள்ள வேறொரு புழுவுக்குத் தாவுதலும் உண்டாகையால், அவ்வளவு ஒழுங்கை எதிர்பார்த்தல் தகாது என்பது என் எண்ணம்.

இக்குளவிகளை நாம் அறிந்தது பெரும்பாலும் ஒரு மனிதரின் கால்களால். ஆர். சி. எல். பேர்க்கின்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1892இல் ஹவாய்க்கு அனுப்பப்பட்டு, மலைக்காடுகளிற் கூடாரமடித்துப் பூச்சிகளைத் திரட்டினார். அவர் திரட்டியவை 1899 முதல் 1913 வரை பவுணா ஹவாயென்சிஸ் என்னும் பெருநூலில் விவரிக்கப்பட்டன. ஆனால் அவரே பிற்காலத்திற் கரும்புத் தோட்டக்காரரின் பணியிலும் அமர்ந்தார். கரும்பை அழித்த தத்துப்பூச்சியொன்றுக்கு 1903இல் அவர் பெயராலேயே பேர்க்கின்சியெல்லா எனப் பெயர் சூட்டப்பட்டது. அதனை ஒழிக்கவல்ல குளவிகளைத் தேடி 1904இல் அவரும் கெபெலே என்பவரும் அவுஸ்திரேலியா சென்றனர். கொணர்ந்த நுண்குளவிகள் தத்துப்பூச்சியின் முட்டைகளைத் தாக்க, இழப்புப் பெரிதும் குறைந்தது. நாட்டுக் குளவிகளைப் பதிவு செய்த கையே அந்நியக் குளவிகளையும் அவிழ்த்துவிட்டது.

இதனைக் குற்றமெனக் கூற எனக்கு வாயில்லை. நமது மலைநாட்டுத் தேயிலையைச் சுருட்டியழித்த புழுவுக்கு எதிராக 1935, 1936ஆம் ஆண்டுகளில் யாவாவிலிருந்து மக்ரோசென்றசு என்னும் ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. நஞ்சு தெளியாமலே தேயிலை தப்பியது. அன்று தோட்டங்களில் உழைத்தவரின் பிழைப்பை எண்ணினால் அதனை நன்றென்றே சொல்லவேண்டும்.

ஆனால் குளவி வேலியறியாது. காவாய்த் தீவில் ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் அலக்காய் என்னும் சதுப்புக்காடு உண்டு. தோட்டங்களுக்கு எட்டாத அக்காட்டில் லோரி ஹெனமன், ஜேன் மெமட் என்னும் ஆய்வாளர் இருவர் நாட்டு அந்துக்களின் புழுக்களைத் திரட்டி வளர்த்து, அவற்றிலிருந்து வெளிவந்த ஒட்டுண்ணிகளை எண்ணினர். 2001இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு இது: நூற்றுக்கு 83 பயிர்ப்புழுக்களை ஒழிக்கவென மனிதர் கொணர்ந்த இனங்களைச் சேர்ந்தவை, 14 தற்செயலாக வந்து புகுந்தவை, எஞ்சிய 3 மாத்திரமே அந்நாட்டுக்குரியவை. கொணர்ந்த இனங்கள் யாவும் 1945க்கு முன்னரே விடுவிக்கப்பட்டவை.

அந்நியர் வந்ததனாலேதான் நாட்டுக் குளவிகள் அருகினவா? முன்னர் அங்கே எத்தனை இருந்தன என்று எவரும் எண்ணிவைக்கவில்லை. சியரோலா இனங்களிற் பெரும்பாலானவை எப்புழுவை நாடி வாழ்கின்றன என்பதும் எழுதப்படவில்லை. ஊசியில் ஏற்றப்பட்டு, மலையின் பெயரும் மாதமும் குறித்த சீட்டுடன் அவை அரும்பொருட்சாலைப் பெட்டிகளில் இருக்கின்றன. புழுவின் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாயிருக்கிறது.