எல்லையோரக் குழந்தைகளின் உரிமைக்குக் குரல் கொடுப்போம்



ஒரு குழந்தை பேசத் தாமதிக்கிறது. முகம் பார்க்க மறுக்கிறது. சிறு ஓசைக்கும் காதைப் பொத்திக்கொள்கிறது. வசதியுள்ள வீட்டில் இவை ஆட்டிசத்தின் அறிகுறிகளாக அறியப்பட்டு, பயிற்சி தொடங்கிவிடுகிறது. உழைப்பவர் வீட்டிலோ, ‘அடங்காத பிள்ளை’ என்ற பெயரே முதலில் கிடைக்கிறது.

அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளின் நிலையும் இதுவே. வெள்ளையினக் குழந்தைகளைவிடக் காலந்தாழ்ந்தே அவர்களுக்கு ஆட்டிசம் கண்டறியப்பட்டு வந்துள்ளது. 2024 மார்ச்சில் கலிபோர்னியாவில், ஆட்டிசமுள்ள 15 வயதுக் கறுப்பினச் சிறுவன், உதவி கோரிக் குடும்பத்தினர் அழைத்த காவலர்களாலேயே சுட்டுக் கொல்லப்பட்டான். இனவெறி நிறைந்த கண்களுக்கு நோயும் குறைபாடும் குற்றமாகவே தெரிகின்றன.

இந்தக் கொடுமையைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில், 2018 பிப்ரவரி 22 அன்று, மனநலம் குன்றியிருந்த பழங்குடி இளைஞர் மது, அரிசி திருடினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். காட்டுக் குகையில் வாழ்ந்தவரைப் பிடித்துக் கட்டியவர்கள், அவரோடு நின்று படமும் எடுத்துக்கொண்டனர். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவர்களில் 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. தண்டனை கிடைத்தது சரியே. ஆனால் சிறுவயது முதலே சிகிச்சையும் பாதுகாப்பும் கிடைத்திருந்தால் அந்த உயிர் குகையில் ஒதுங்கியிருக்குமா என்ற கேள்விக்கு நீதிமன்றம் விடை தர இயலாது. சமூகமே தர வேண்டும்.

1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது கேரளத்தில் அமைந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகத் தமிழர் உழைக்கின்றனர். தாய் விடியலில் கொழுந்து பறிக்கப் போனால் மாலையில்தான் லயம் திரும்புவாள். சிறப்புக் கவனம் வேண்டும் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? பயிற்சிக்கு நகரம் போனால் அன்றைய கூலி போய்விடும். தமிழோ இருளமோ கேட்டு வளரும் குழந்தையை மலையாளத்தில் மட்டும் சோதித்தால், மொழி புரியாமையும் குறைபாடாகப் பதிவாகும். உண்மைக் குறைபாடு மறைந்தும் போகும். வர்க்கமும் சாதியும் மொழியும் ஒரே குழந்தையின் மேல் மூன்று சுமைகளாக ஏறுகின்றன.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம் உள்ளிட்ட 21 குறைபாடுகளை ஏற்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைபாடுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அதன் 31ஆம் பிரிவு தரும் உரிமை. பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 92ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். கேரளத்தில் 2004இல் தொடங்கி, உள்ளாட்சிகள் குடும்பஸ்ரீ துணையுடன் நடத்தும் ‘பட்ஸ்’ பள்ளிகள், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளைப் பொதுநிதியில் பராமரிக்க முடியும் என்பதற்குச் சான்று. அத்தகைய பள்ளிகள் ஒவ்வொரு லயத்துக்கும் ஊருக்கும் எட்டும் தூரத்தில், குழந்தையின் தாய்மொழி அறிந்த ஆசிரியர்களுடன், போக்குவரத்து வசதியுடன் அமைய வேண்டும்.

இரக்கம் நல்ல உணர்வு. ஆனால் அது மனமாறினால் வற்றிவிடும். உரிமையைப் போராடியே நிலைநாட்ட வேண்டும். 2015இல் மூணாறுப் பெண் தொழிலாளர்கள் போராடி 20 விழுக்காடு போனஸ் பெற்றனர். அந்த வலிமை இக்குழந்தைகளின் கோரிக்கைக்கும் உண்டு.

ஆகவே கிளைகள் செய்ய வேண்டியவை தெளிவானவை. தங்கள் பகுதியில் வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் குழந்தைகளைத் தேடிக் கண்டறிவது. மாற்றுத்திறன் சான்றிதழ் பெறத் தாய்க்குத் துணை போவது. சிகிச்சை நாளுக்குச் சம்பளத்துடன் விடுப்பு கோரித் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தையில் எழுப்புவது. ஊராட்சிக் கூட்டத்தில் பட்ஸ் பள்ளிக்குத் தீர்மானம் நிறைவேற்றச் செய்வது. ‘பைத்தியம்’, ‘மந்தம்’ என்ற சொற்களைத் தோழர்களின் நாவிலிருந்தே முதலில் அகற்றுவது.

அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இது இடம்பெறட்டும். அக்குழந்தைகளின் தாய்மாரும் அங்கே வந்து பேசட்டும்.