வானத்துக் கண் யாரைப் பார்க்கிறது?

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து கேட்டார்: "மாகிம் கரைக் கோலிக்காரர் படகிலும் நம்மூர்ப் படகிலும் அரசாங்கம் ஒரு பெட்டி மாட்டுகிறதாமே, அது மீனவனுக்குக் காவலா, மீனவன் மேல் காவலா?" அன்று நம்மிடம் பதில் இல்லை. படித்துப் பார்த்து இன்று சொல்கிறோம்.

செயற்கைக்கோள் கடல் திருடனைப் பிடிப்பது நம் யார்டு வேலையைப் போன்றதுதான். கூட்ஸ் வண்டி வந்தால் காகிதத்தை மட்டும் நம்புவதில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு லைனோரம் நடந்து வேகன் நம்பரைப் பார்க்கிறோம். ஏட்டில் உள்ள வண்டி வேறு, லைனில் நிற்கிற வண்டி வேறாக இருந்த நாட்கள் உண்டு. பெரிய கப்பல்களில் பெயரையும் இடத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும் அடையாளக் கருவி இருக்கிறது. அதுதான் காகிதம். திருட வந்தவன் அதை அணைத்துவிடுவான். அப்போது ராடார் கோள் மேகத்தையும் இருளையும் ஊடுருவிக் கப்பலைக் காண்கிறது, இன்னொரு கோள் இரவில் மீன்பிடி விளக்குகளைக் காண்கிறது, மற்றொன்று படமெடுக்கிறது.

இப்படித்தான் வடகொரியாவின் கிழக்குக் கடலில் நடந்தது தெரிய வந்தது. குளோபல் ஃபிஷிங் வாட்ச் என்ற அமைப்பும் கொரிய, ஜப்பானிய, ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு அது. 2017இல் 900க்கு மேற்பட்ட சீனக் கப்பல்கள், 2018இல் சுமார் 700. பெரும்பாலானவை இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒரே வலையை இழுப்பவை. ராமேஸ்வரத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட அதே இரட்டைமடிதான். அள்ளிய கணவாய் 1,60,000 டன்னுக்கு மேல். மதிப்பு 44 கோடி டாலர். வடகொரியா மீன்பிடி உரிமையை விற்கக் கூடாதென்று 2017இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை தீர்மானம் போட்டது. அதற்குக் கை தூக்கியவர்களில் சீனாவும் ஒன்று!

கணக்கு இதோடு முடியவில்லை. பெரிய கப்பல்கள் கரையோரக் கடலைப் பிடித்துக்கொண்டதும் வடகொரியாவின் ஏழை மீனவன் எங்கே போவான்? தன் மரப்படகில் தொலைவிலுள்ள ரஷ்யக் கடலுக்குப் போனான். 2018இல் மட்டும் அப்படிப் போனவை சுமார் 3,000 படகுகள். எஞ்சின் நின்று, எரிபொருள் தீர்ந்து, பிணங்களோடு ஜப்பான் கரையில் ஒதுங்கின பல. பிழைப்புக்காக ஊரைவிட்டுத் தள்ளப்பட்டவர்கள் நாம். அந்தப் படகுகளின் செய்தியை நம்மால் அலட்சியமாகப் படிக்க முடியவில்லை.

சட்டப்படி பார்த்தால் பெரிய கப்பலும் திருட்டு, ரஷ்யக் கடலில் அந்த மரப்படகும் திருட்டு. வானத்துக் கண்ணுக்கு இரண்டும் புள்ளிதான். எந்தப் புள்ளியைத் துரத்துவது என்று தீர்மானிப்பது தரையிலிருக்கிறவன். தீர்மானிக்க மனமிருந்தால் நடக்கும் என்பதற்கு இந்தோனேசியா சாட்சி. அங்கே மீன்வள அமைச்சராயிருந்த சூசி புட்ஜியாஸ்துதி திருட்டுக் கப்பல்களைக் கடலில் மூழ்கடித்தார். 2017இல் அந்நாடு தன் மீன்பிடிக் கப்பல்களின் நடமாட்டக் கணக்கை யாரும் பார்க்கும்படி வெளியிட்டது. (அந்த அம்மையார் பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர். மெட்ரிகுலேஷனோடு நின்ற எங்களுக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி.)

இனி நம் தாயின் கேள்வி. பெட்டியின் பெயர் டிரான்ஸ்பாண்டர். நம் இஸ்ரோவின் தொழில்நுட்பம். 13 கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் 1 லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்த 364 கோடி ரூபாய்த் திட்டம் போட்டார்கள். 2024 ஆகஸ்டில் இங்கே பால்கரில் தொடங்கி வைத்தார்கள். கரையிலிருந்து புயல் எச்சரிக்கை வரும், எல்லை நெருங்கினால் தகவல் வரும், ஆபத்தென்றால் படகிலிருந்தே செய்தி அனுப்பலாம். ஒக்கிப் புயலில் 2017இல் குமரி மீனவர்களை இழந்த குடும்பங்களைக் கேட்டால் இதன் அருமை சொல்வார்கள். ஆகவே பெட்டியை வேண்டாமென்று சொல்ல மாட்டோம்.

ஆனால் பதிவேடு ஒரு பக்கமாக இருக்கக் கூடாது. சின்னப் படகு எல்லை தாண்டியதை எழுதும் கை, கருவியை அணைத்துவிட்டு வரும் பெரிய கப்பலையும் எழுத வேண்டும். அந்தக் கணக்கு மீனவர் சங்கங்களின் கண்ணுக்கும் வர வேண்டும். இதைக் கேட்டு மீன்வளத் துறைக்கு ஒரு மனு தயாரித்திருக்கிறோம். கோலி மக்களுக்காக மராத்தியிலும் எழுதியாகிறது. வாசலில் மேசை போட்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். ஊரில் படகு வைத்திருக்கும் உறவினர் உள்ளவர்கள், பெட்டி வந்ததா, வேலை செய்கிறதா என்று கடிதத்தில் கேட்டு எழுதுங்கள்.