குழந்தை ஆடத் தொடங்கும் வேளை

வங்காள மொழியில் 'நாச்' என்று ஒரு சிறு சொல் உண்டு. ஆடல், கூத்து, நடனம் என்னும் நம் சொற்கள் மூன்றுக்கும் அது ஒன்றே ஈடுகொடுக்கும். ஜாதவ்பூரின் சந்துகளில் மாலை வேளையில் நடந்து செல்வோர், ஏதேனும் ஒரு வீட்டு வாயிலில் இரண்டு வயதுக் குழந்தை கைகொட்டித் தள்ளாடுவதையும், பாட்டி அச்சொல்லை வாய் நிறையச் சொல்லி அதனை ஊக்குவதையும் காணலாம். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இச்சொல் சென்ற மற்றொரு வழியும் தெரியும். வடநாட்டு மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான இதனை ஆங்கிலேயர் தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்கினர். 1890களில் சென்னையில் தேவதாசியரின் ஆடலை எதிர்த்து எழுந்த இயக்கம், அத்திரிந்த சொல்லையே தன் பெயரில் தாங்கி நின்றது. பாட்டியின் வாயில் கொஞ்சலாக இருந்த சொல், விண்ணப்பங்களிலும் அறிக்கைகளிலும் ஏச்சாயிற்று. அந்த ஏச்சின் நிழலில் பிறந்த ஒரு குழந்தையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

தஞ்சாவூர் பாலசரஸ்வதி 1918ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தார். பாட்டி வீணை தனம்மாள். தாய் ஜெயம்மாள் சிறந்த பாடகி. இசைக்குக் குறைவில்லாத இல்லம். எனினும் ஆடல் என்றால் அவ்வில்லத்தில் தயக்கம் இருந்தது. காரணம் வெளிப்படை. தேவதாசி மரபில் வந்த குடும்பத்துப் பெண் பாடினாலும் வீணை வாசித்தாலும் சபையில் மதிப்பு உண்டு. ஆடினாலோ ஊர் வாய் சும்மா இராது. அக்காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் சலங்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பெண்களுக்குப் பாட்டை மட்டும் கற்பித்தன. அவர்களைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. பெற்ற பெண்ணை ஏச்சிலிருந்து காக்க விரும்பியவர்கள் வேறு என்ன செய்திருப்பார்கள்?

குழந்தை இதையெல்லாம் அறியுமா? அவர்கள் தெருவில் பித்தர் ஒருவர் ஆடிப் பாடிப் பிச்சை கேட்டு வருவாராம். அவரைக் கண்டதும் சிறுமி பாலாவும் கூடவே குதித்து ஆடத் தொடங்கிவிடுவாராம். பரம்பரை என்றும் இரத்தம் என்றும் நாம் ஓயாமல் பேசுகிறோம். வீணை தனம்மாளின் பேத்திக்கு ஆடலில் முதல் துணை ஒரு தெருப் பித்தர் என்பதை எண்ணும்போதெல்லாம் நமக்கு மகிழ்ச்சியே உண்டாகிறது. பின்னர் மயிலாப்பூர் கௌரி அம்மாளின் ஆடலைக் கண்டார். அதன்பின் குழந்தையின் மனத்தைத் திருப்புவது எவராலும் ஆகவில்லை. தஞ்சை நட்டுவனார் மரபில் வந்த கந்தப்பா பிள்ளையிடம் பயிற்சி தொடங்கியபோது பாலாவுக்கு நான்கு வயதுதான்.

அப்பயிற்சி விளையாட்டன்று. கந்தப்பா பிள்ளை கண்டிப்பானவர். தாளம் மயிரிழை பிசகினாலும் பொறுக்கமாட்டார். ஆசை இருந்தால் போதும், உழைப்பு வேண்டா என்று எண்ணுவோரும், உழைப்பு இருந்தால் ஆசை தானே வரும் என்று எண்ணுவோரும் இதனைச் சிறிது கருதிப்பார்க்க வேண்டும். தெருவில் பித்தரோடு ஆடிய கால்கள்தாம் அவ்வளவு கடுமையையும் தாங்கின. 1925ஆம் ஆண்டில், ஏழு வயதில், காஞ்சிபுரத்துக் கோவிலில் அரங்கேற்றம் நடந்தது.

இனி, நாம் குடியிருக்கும் ஊருக்கு வருவோம். பாலசரஸ்வதி தென்னாட்டுக்கு வெளியே முதன்முதலில் ஆடியது கல்கத்தாவில், 1934ஆம் ஆண்டில். வங்காளம் அப்பொழுது ஆடலைப் புதிய கண்ணோடு பார்க்கத் தொடங்கியிருந்தது. 1919இல் சில்ஹெட்டில் மணிப்புரி ஆடலைக் கண்டு மனம் பறிகொடுத்த இரவீந்திரநாத தாகூர், மணிப்புரி ஆசிரியரைச் சாந்திநிகேதனுக்கே வருவித்து மாணவர்க்குக் கற்பிக்கச் செய்தார். 1931இல் பாரிஸ் நகரப் பொருட்காட்சிக்குத் தந்தையோடு சென்ற அமலா நந்தி என்னும் பதினொரு வயது வங்காளச் சிறுமி, அங்கு உதயசங்கரைச் சந்தித்து அவர் குழுவிலேயே ஆடத் தொடங்கினாள். பிறந்த ஊரில் கிட்டாதது அவளுக்குக் கடல்கடந்த நகரில் கிட்டியது. பிற்காலத்தில் அமலா சங்கராகி, கணவரோடு அவர் நடித்த 'கல்பனா' படம் உருவானது நம் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில். 1948இல் அது வெளிவந்தது.

இந்த வரலாறெல்லாம் நம் நினைவுக்கு வந்தது ஒரு துர்க்கா பூசையின்போது. ஜாதவ்பூர், 1947க்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் பிஜய்கட், ஆசாத்கட் முதலான குடியிருப்புகளை அமைத்து வாழத் தலைப்பட்ட பகுதி. வீடு வாசலை இழந்து வந்தவர்களாயினும் பாட்டையும் ஆட்டத்தையும் அவர்கள் விட்டு வரவில்லை. வைசாக மாதம் 25ஆம் நாள் தாகூர் பிறந்தநாளன்று, தெருவுக்குத் தெரு மேடை கட்டிச் சிறுமியரை ஆடவைப்பது இங்கு வழக்கம்.

அங்கு வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி. பூசைப் பந்தலில் 'டாக்' என்னும் பெருங்கொட்டு முழங்கியதும், கொட்டுக்காரருக்கு எதிரே போய் நின்று அரைமணி நேரம் ஓயாமல் ஆடினாள். தாய் வெட்கப்பட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தார். தந்தை நம்மிடம் குறைபட்டுக்கொண்டார்: "சனிக்கிழமை பரதநாட்டிய வகுப்பு என்றால் வயிற்றுவலி என்கிறாள் ஸார்! இங்கே பாருங்கள். நம்முடையதைக் கற்றுக்கொள்ளாமல் இதற்கு ஆடுகிறாளே. வகுப்பை நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறேன்."

அவருடைய வருத்தம் நமக்கும் உரியதே. வெளிமாநிலத்தில் வாழ்கிற நாம், நம் பிள்ளைகள் தமிழரென்பதற்குச் சான்றாகவே பல வேளைகளில் சலங்கையைக் கட்டிவிடுகிறோம். ஆறு வயதுக் குழந்தையின் கால்களுக்கு அது மிகுந்த பாரம். வங்காளக் கொட்டுக்கு ஆடியவள் பரதத்தை வெறுக்கிறாள் என்று ஏன் கொள்ள வேண்டும்? அவளுக்குள் ஆடல் இருக்கிறது என்ற செய்தியைக் கொட்டு வெளிப்படுத்தியது, அவ்வளவே. வகுப்பை நிறுத்த வேண்டா, அவளிடம் இவ்வளவு ஆடல் இருப்பதை ஆசிரியையிடமும் போய்ச் சொல்லுங்கள் என்றோம். கூடவே, மகளுக்குக் காட்டுமாறு ஒரு படத்தையும் குறிப்பிட்டோம்.

அது சத்யஜித் ராய் 1976இல் எடுத்த 'பாலா' என்னும் ஆவணப்படம். பாலசரஸ்வதியின் ஆடலை ராய் முதலில் கண்டது 1935இல், கல்கத்தாவில், பதினான்கு வயதுச் சிறுவனாக. நாற்பது ஆண்டுகள் கழித்துப் படப்பெட்டியோடு வந்தபோது பாலசரஸ்வதிக்கு வயது ஐம்பத்தெட்டு. கண்ணனை வா என்றழைக்கும் கன்னடப் பாடலுக்கு அவர் கடற்கரையில் ஆடுகிறார். காற்று ஆடையை அலைக்கழிக்கிறது. அவர் கண்கள் குழந்தைக் கண்ணனை விட்டு அகலவில்லை.

தந்தை படத்தைக் காட்டியிருக்கிறார். பார்த்து முடித்ததும் அச்சிறுமி கேட்டாளாம், "இந்தப் பாட்டிக்கு ஆடறதுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?" என்று. கந்தப்பா பிள்ளையின் பெயரைச் சொன்னதாகத் தந்தை நம்மிடம் தெரிவித்தார். அந்தப் பித்தரையும் சொல்லியிருக்கலாமே என்றோம்.