நோய் எங்கிருந்து வருகிறது?

வாந்திபேதி வந்தால் காளியின் கோபம் என்றும், பிள்ளை செத்தால் தலைவிதி என்றும் சொல்லி வந்தவர்கள் நாம். இந்த மூடத்தனம் நமக்கு மாத்திரம் சொந்தமென்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரன் நாட்டிலும் இருந்தது.

1853-ல் காலரா பயம் வந்தபோது, தேசம் முழுவதும் ஒருநாள் உபவாசமிருந்து பிரார்த்திக்க ஏற்பாடுண்டா என்று எடின்பரோ பாதிரிமார்கள் சர்க்காரைக் கேட்டார்கள். உள்நாட்டு மந்திரி பாமர்ஸ்டன் பிரபு என்ன சொன்னார்? ஏழைகள் குடியிருக்கும் இடங்களின் அசுத்தத்தை முதலில் நீக்குங்கள், அதைச் செய்யாமல் பிரார்த்தனையால் பலனில்லை என்ற கருத்தில் பதில் அனுப்பினார். அவர் ஒன்றும் நாஸ்திகப் பிரசாரகர் அல்ல!

அடுத்த வருஷம், 1854-ல், லண்டன் பிராடு தெருவைச் சுற்றி 600 பேருக்குமேல் மாண்டார்கள். கெட்ட காற்றே காரணம் என்றார்கள் பெரிய வைத்தியர்கள். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் ஒப்பவில்லை. வீடு வீடாகப் போய், எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று விசாரித்தார். மாண்டவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருப் பம்பின் தண்ணீரைக் குடித்தவர்கள். பக்கத்திலேயே பீர் வடிக்கும் சாலையில் வேலை செய்தவர்கள் அதைக் குடிப்பதில்லை; தப்பினார்கள். தூரத்திலே ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவையோ, அந்தத் தண்ணீர்தான் ருசியென்று வரவழைத்துக் குடித்தாள், செத்தாள். பக்கத்திலுள்ளவனை விட்டுவிட்டு அவளைத் தேடிக் காற்று போயிற்றா? செப்டம்பர் 8-ந் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறோம். ஆனால் அந்தக் கிணறு மேலும் கொல்ல வழியில்லாமற் போயிற்று.

ஹென்றி ஒயிட்ஹெட் என்ற பாதிரி, ஸ்நோ சொல்வது தப்பென்று காட்டக் கிளம்பினார். விசாரித்தார், மெய்யென்று கண்டார், ஒப்புக்கொண்டார். நோய்ப்பட்ட குழந்தையின் துணி அலசிய நீர் விழுந்த மலக்குழி, அந்தக் கிணற்றை ஒட்டியே இருந்தது என்பதும் அவர் விசாரணையால்தான் வெளிவந்தது. அந்த யோக்கியதை நமக்கும் வேண்டாமா?

1884-ல் ராபர்ட் கோக் கல்கத்தாவிலே, ஜனங்கள் புழங்கிய குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். காளியைச் சொன்னோம்; குற்றவாளியோ குளத்தில் அகப்பட்டான்!

தோழர்களே! காலரா இன்றும் உலகத்தை விட்டுப் போகவில்லை. அது மதம் பார்ப்பதில்லை, ஜாதி பார்ப்பதில்லை. மலமும் குடிநீரும் கலக்கும் இடத்தைத்தான் பார்க்கிறது. அந்த இடம் பெரும்பாலும் ஏழையின் தெருவாகவே இருப்பது கடவுள் செயலா, மனிதன் செயலா? திருவிழாவுக்கு வசூலிக்க வருகிறவர்களை, சேரிக் கிணற்றுக்குச் சுவர் எங்கே, சாக்கடைக்கு வழி எங்கே என்று கேளுங்கள். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக ஒன்றையும் நம்பவேண்டாம். ஸ்நோவைப்போல் நீங்களே வீடு வீடாய் விசாரித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் நாளைக் காலையிலேயே மண்வெட்டியை எடுங்கள்.