மண்டபம் பிடிப்பதற்கு முன்பு...

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



'நூல் வெளியீடு' என்று சொன்னதுமே மலேசியத் தமிழர்களின் மனக்கண்ணில் தோன்றுவது ஒரு மண்டபம். அது கோலாலம்பூர் விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள டான்ஸ்ரீ சோமா அரங்கமாக இருக்கலாம். கிள்ளானில் ஒரு கோயில் மண்டபமாகவும் இருக்கலாம். குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, நூல் ஆய்வு, சிறப்பு விருந்தினர் உரை, முதல் நூலைப் பெறும் பெருமகனார், உறையில் வைத்துத் தரப்படும் அன்பளிப்பு, அதன்பின் உணவு. அச்சுக்குச் செலவான பணம் அந்த ஒரு மாலையில் திரும்பி விட்டால் நூலாசிரியர் நிம்மதியாக வீடு திரும்புகிறார். எஞ்சிய பிரதிகள் வீட்டின் ஓர் அறையில் பெட்டி பெட்டியாக அடுக்கப்படுகின்றன.

இந்த வழக்கத்தை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. தமிழ் நூல்களை வாங்குவோர் குறைவாக உள்ள நாட்டில், எழுதியவரே கைப்பணம் போட்டு அச்சிடும் சூழலில், இந்த மண்டபங்களும் அங்கு வந்து உறை கொடுத்த நல்லுள்ளங்களும் இல்லாவிட்டால் பல நூல்கள் பிறந்தே இருக்க மாட்டா. ஆனால், வெளியீட்டு நாளுக்குப் பல மாதங்களுக்கு முன்பே நடந்திருக்க வேண்டிய ஒரு வேலை பல நூல்களில் நடப்பதே இல்லை. அதுதான் பதிப்பாசிரியரின் வேலை.

மூன்று பேர், மூன்று வேலை

பதிப்பாளர், பதிப்பாசிரியர், அச்சகத்தார் ஆகிய மூவரையும் நம்மில் பலர் ஒருவராகவே எண்ணுகிறோம். பணம் போட்டு நூலை வெளிக்கொணர்பவர் பதிப்பாளர். தாளில் மையேற்றித் தருபவர் அச்சகத்தார். எழுதியதைப் படித்து, கேள்வி கேட்டு, செப்பனிட்டுத் தருபவர் பதிப்பாசிரியர். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நடந்து போனால் எத்தனையோ கடைப் பலகைகளைப் பார்க்கலாம். 'இங்கே நூல்கள் செம்மைப்படுத்தித் தரப்படும்' என்ற பலகை எளிதில் கண்ணில் படாது.

இந்தத் தொழில் தமிழுக்குப் புதியதன்று. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887-இல் 'சீவக சிந்தாமணி'யையும் 1892-இல் 'சிலப்பதிகார'த்தையும் பதிப்பித்தபோது செய்தது இதைத்தான். பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டார். பாட வேறுபாடுகளைக் குறித்தார். புரியாத இடங்களை அறிந்தவர்களிடம் கேட்டார். நம் காலத்தில் சென்னையில் 1974-இல் 'க்ரியா' பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், புதிய படைப்புகளுக்கும் அதே அக்கறையைக் காட்டினார். கைப்பிரதியைத் திரும்பத் திரும்பப் படித்து, எழுதியவரோடு உட்கார்ந்து பேசிச் செம்மை செய்த பிறகே அச்சுக்கு அனுப்புவது அவர் வழக்கம். 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி அந்த உழைப்பின் சாட்சி. அதன் மூன்றாம் பதிப்பு வெளிவந்த 2020-ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார்.

உலக அளவில் ஓர் உதாரணம் பார்ப்போம். அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1957-இல் ஒரு பதிப்பகத்திடம் நாவல் ஒன்றைக் கொடுத்தார். வளர்ந்த பெண் ஒருத்தி சொந்த ஊருக்குத் திரும்பி வரும் கதை அது. டே ஹோஹாஃப் என்ற பதிப்பாசிரியை அதைப் படித்தார். அந்தப் பெண்ணின் சிறுவயது நினைவுகளில்தான் உயிர் இருக்கிறது என்று கண்டு, அந்தப் பக்கம் போகச் சொன்னார். இருவரும் இரண்டாண்டுக்கு மேல் உழைத்தனர். 1960-இல் வெளிவந்த அந்த நூல்தான் உலகப் புகழ்பெற்ற 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. முதலில் எழுதிய பிரதியும் 2015-இல் நூலாக வந்தது. ஒரு நல்ல பதிப்பாசிரியரால் என்ன ஆகும் என்பதை இரண்டையும் படித்தவர்கள் அறிவார்கள்.

எழுத்துப் பிழை மட்டுமா?

பதிப்பாசிரியர் என்றால் ஒற்றுப் பிழை பார்ப்பவர் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒற்றுப் பிழை பார்ப்பது கடைசி வேலை. அதற்குப் பெயர் மெய்ப்புத் திருத்தம். அதற்கு முன்பு மூன்று வேலைகள் உள்ளன. முதலாவது, நூலின் அமைப்பு. எது முதலில் வர வேண்டும், எது கூறியது கூறல், எது விடுபட்டுள்ளது என்று பார்ப்பது. இரண்டாவது, வாக்கியம். சொல்ல வந்தது படிப்பவருக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, தகவல். ஆண்டு, ஊர், பெயர், எண் எல்லாம் சரிதானா என்று உறுதிப்படுத்துவது.

மெய்ப்புத் திருத்தமும் சாதாரணமானதன்று. கணினிப் பிழைதிருத்தி 'கோழிக் குளம்பு' என்பதைத் தாண்டிப் போய்விடக் கூடும். குளம்பும் குழம்பும் அகராதியில் உள்ள சொற்கள்தாமே! எழுத்துருச் சிக்கல் வேறு. இந்த மண்ணின் மைந்தர் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கிய காலம் முதல் தமிழ்க் கணிமை வெகுதூரம் வந்துவிட்டது. ஆயினும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிரதியை ஒருங்குறிக்கு மாற்றும்போது துணைக்காலும் ரகரமும் இடம் மாறுவதும், சில எழுத்துகள் காணாமல் போவதும் உண்டு. அச்சுக்குப் போகும் இறுதிப் படியை ஒரு மனிதக் கண் வரிவரியாகப் பார்த்தே தீர வேண்டும்.

தோட்டத் தமிழ் தெரிந்த கண்

செலவைக் குறைக்கக் கைப்பிரதியைத் தமிழகத்துக்கு அனுப்பி அச்சிடுவோர் உண்டு. அச்சு நன்றாகவே வரும். ஆனால் மலேசியாவை அறியாத ஒருவர் பிரதியைத் திருத்தினால் என்ன ஆகும்? 'பத்து வெள்ளி சம்பளம்' என்பதில் வெள்ளி அவருக்கு உலோகமாகத் தெரியலாம். 'பசியாறினோம்' என்பது இங்கே காலைச் சிற்றுண்டி சாப்பிட்டதைக் குறிக்கும் என்பது தெரியாமல் போகலாம். 'பெரட்டு', 'கித்தா மரம்', 'மங்கு', 'ஆயக்கொட்டகை' போன்ற சொற்களைக் கொச்சை என்று எண்ணி அவர் மாற்றிவிட்டால், மூன்று தலைமுறை பேசி வளர்த்த தோட்டத் தமிழ் அந்தப் பக்கத்திலேயே செத்துவிடும். சிவப்பு மையால் எல்லாவற்றையும் பாடநூல் தமிழாக்கும் உள்ளூர்ப் புலமைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எதைத் திருத்த வேண்டும் என்று அறிவதைப் போலவே எதைத் தொடக்கூடாது என்று அறிவதும் பதிப்பாசிரியரின் திறமை.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், கிள்ளானை அடுத்த தோட்டம் ஒன்றில் கழிந்த தம் இளமையை எழுதியிருப்பதாகக் கற்பனை செய்வோம். 'அதிகாலையில் பெரட்டுக்குப் போனார்கள்' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார். பதிப்பாசிரியர் கேட்கிறார்: "ஐயா, பெரட்டில் என்ன நடக்கும்? யார் பெயர் கூப்பிடுவார்? தாமதமாக வந்தால் என்ன ஆகும்?"

"அதையெல்லாமா எழுத வேண்டும், தம்பி? எல்லாருக்கும் தெரிந்ததுதானே!"

"உங்கள் பேரப்பிள்ளைக்குத் தெரியுமா, ஐயா?"

ஆசிரியர் சற்று நேரம் பேசாமல் இருக்கிறார். பிறகு எழுத உட்காருகிறார். அந்த ஒரு வரி நான்கு பக்கமாகிறது. அந்த நான்கு பக்கம் வேறு எந்த நூலிலும் இல்லாததாக இருக்கக்கூடும்.

பிழை வரலாறாகி விடும்

இதில் பெரிய இழப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தையும், அதற்குத் தலைமை தாங்கி நாடு கடத்தப்பட்ட ஆர்.எச். நாதனையும் எத்தனை இளைஞர்கள் அறிவார்கள்? சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களின் கதை, ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்ற நாவல்களால்தான் தமிழில் பரவலாக நிலைத்தது. ஜப்பான் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்துவிட்டனர். அவர்கள் பிள்ளைகளிடம் சொன்னவை குறிப்பேடுகளில் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று நூலாகும்போது, அந்தச் செய்திக்கு அதுவே ஒரே சான்றாக அமையலாம்.

'1945-இல் அப்பாவைத் தண்டவாளம் போடப் பிடித்துப் போனார்கள்' என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக் கொள்வோம். சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரிலேயே இணைக்கப்பட்டு விட்டது. பதிப்பாசிரியர் உடனே ஆண்டை மாற்றிவிடக் கூடாது, கேட்க வேண்டும். நினைவு பிசகியதா, அல்லது பாதையைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் பின்னர் கொண்டு போகப்பட்டாரா? பதில் எதுவானாலும் அது வரலாறு. கேட்காமல் அச்சேற்றினால் பிழையும் வரலாறாகி, நாளை ஆய்வு மாணவர் ஒருவரின் அடிக்குறிப்பில் போய் உட்கார்ந்து கொள்ளும்.

தலைப்பின் பின்பக்கம்

நூல்களில் யாரும் படிக்காத பக்கம் ஒன்று உண்டு. தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம். நூலின் பிறப்புப் பத்திரம் அதுதான். 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் நூலில் இருக்க வேண்டும். ஐ.எஸ்.பி.என். எனப்படும் அனைத்துலக நூல் எண்ணைத் தேசிய நூலகம் கட்டணம் இல்லாமலே தருகிறது. 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, அச்சு நூல் வெளியான ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

ஐந்து பிரதிகள் வீணாகப் போகின்றனவே என்று வருந்துவோர் ஒரு செய்தியை நினைத்துப் பார்க்கலாம். 1887 முதல் 1890 வரை சிங்கப்பூரில் வெளிவந்த 'சிங்கை நேசன்' இதழ் இன்றும் படிக்கக் கிடைப்பது எப்படி? நீரிணைக் குடியேற்றங்களில் 1886-இல் வந்த நூல் பதிவுச் சட்டத்தால் பிரதிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தில் அவை பாதுகாக்கப்பட்டன. அதே போல, இந்நாட்டுத் தமிழ் நூல்களைத் தேடித் திரட்டி இராம சுப்பையா உருவாக்கிய 'தமிழ் மலேசியானா' பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969-இல் வெளியிட்டது. ஆண்டும் பதிப்பகமும் அச்சிடாத நூலை எந்தப் பட்டியலில், எங்கே சேர்ப்பது?

பணம் கொடுக்கும் முன்

செம்மையாக்கம், அட்டை வடிவமைப்பு, அச்சு எல்லாம் சேர்த்துச் செய்து தருகிறோம் என்று சொல்வோரிடம் போகும் நூலாசிரியர் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். மெய்ப்பு மட்டும் பார்ப்பீர்களா, அமைப்பையும் பார்ப்பீர்களா? ஐந்து பக்கத்தை மாதிரியாகத் திருத்திக் காட்டுவீர்களா? திருத்தங்கள் என் ஒப்புதலுக்கு வருமா? எத்தனை பிரதிகள் அச்சிடுகிறீர்கள்? கணினிக் கோப்பு யாரிடம் இருக்கும்? நூல் எண் யார் பெயரில் வாங்கப்படும்?

எல்லாவற்றுக்கும் மேலாக உரிமை. 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை எழுதியவருக்கே. அவர் வாழ்நாளுக்குப் பின்னும் 50 ஆண்டுகள் அது நீடிக்கும். எழுத்து வடிவில் ஒப்பந்தம் இல்லாமல் அது கைமாறாது. ஆகவே, கையெழுத்திடும் எந்தத் தாளையும் முழுதாகப் படித்த பின்னரே பேனாவை எடுக்க வேண்டும்.

செய்யக் கூடியவை

செலவுக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. இப்போது மின்னியல் அச்சு முறையில் நூறு இருநூறு பிரதிகள் மட்டும் அச்சிட முடிகிறது. ஆயிரம் பிரதிகள் அச்சிட்டு அறுநூறை அறையில் அடுக்குவதை விட, முந்நூறு அச்சிட்டு மிச்சப்பட்ட பணத்தைப் பதிப்பாசிரியருக்குக் கொடுப்பது நூலுக்குச் செய்யும் நன்மை. நாவல் போட்டி நடத்தும் அமைப்புகள் பரிசுத் தொகையோடு ஒரு பதிப்பாசிரியரின் உழைப்பையும் சேர்த்து வழங்கலாம். நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றிலிருந்து ஓய்வு பெறும் ஆசிரியர்களுக்கு மெய்ப்புத் திருத்தத்திலும் செம்மையாக்கத்திலும் பயிற்சி கொடுத்தால் ஒரு தொழிலே உருவாகும். தமிழ் படித்துவிட்டு வேலை தேடும் பட்டதாரிகளுக்கும் அதில் இடம் கிடைக்கும். அப்படி உழைத்தவர் பெயரை நூலில் அச்சிடும் பெருந்தன்மையும் வேண்டும்.

வெளியீட்டு விழாக்கள் நடக்கட்டும், உறைகளும் நிறையட்டும். ஆனால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே, எழுதியதைக் கேள்வி கேட்கக்கூடிய ஒருவரிடம் கைப்பிரதி போயிருக்க வேண்டும். விழாவுக்கு வருபவர்கள் அன்றிரவே வீடு திரும்பி விடுவார்கள். தேசிய நூலகத்தில் இருக்கும் பிரதியை ஐம்பது ஆண்டு கழித்து எடுத்துப் படிப்பவருக்கு, நூலாசிரியரிடம் கேட்டுத் தெளிய வழி இருக்காது.